முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை

பாளையங்கோட்டை,
4.1.2026

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "பாத்துக்கிடலாம்ல" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை, அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நான் என்ன சொன்னாலும் நீ "சரிண்ணே, சரிண்ணே" என்று முடித்துவிடுவாய். எழுதினால் இரண்டு தடவையாவது வாசிப்பாய். அதனால் பெரியவள் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2016-இல் எனக்கு மதுரையில் "நெஞ்சுல கட்டி" ஆபரேஷன் நடந்தது ஞாபகம் இருக்கும். சித்தியோடு நீயும் சாத்துக்குடிப் பையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாய். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அது கட்டி இல்லை தம்பி. நீ இப்போது செய்துகொள்ளப் போகிறாயே, அதேதான். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அன்றே தெரியும். உன் மதினிக்கு நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அடுத்துத் தெரிந்துகொள்கிறவன் நீதான். அன்றைக்கு நீ சட்டைக்குள் பனியன், பனியனுக்குள் இன்னொரு பனியன் போட்டிருந்ததை நான் கட்டிலில் படுத்துக்கொண்டே கவனித்தேன். அப்போதே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருஷம் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

நம் வீட்டில் வருஷா வருஷம் திருச்செந்தூர் போவார்கள். உள்ளே போக ஆம்பிளைகள் சட்டையைக் கழற்ற வேண்டும். அந்த வாசல் நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பதினைந்து வயசிலிருந்து இருபத்தொன்பது வயசுவரை எல்லார் செருப்புக்கும் காவல் இருந்தவன் நான். "பய நாத்திகனாயிட்டான்" என்று தாத்தா ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது, ஆமாம் என்று இருந்துவிட்டேன். ஐந்தருவிக்குப் போனால் சளி பிடித்திருக்கிறது என்பேன். உன் ஆபீஸ்காரர்கள் ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போனபோது நீச்சல் தெரியாது என்று சொன்னாயாமே. குறுக்குத்துறையில் உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் கொழுப்பு இல்லை, மார்புக் காம்புக்குப் பின்னால் சுரப்பித் திசு இருக்கிறது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கொழுப்பு மட்டும் என்றால் எடை குறைத்தாலே ஓரளவு இறங்கும். சுரப்பி ஓடினாலும் கரையாது, தண்டால் எடுத்தாலும் கரையாது. மீசை முளைக்கிற வயசில் நிறையப் பையன்களுக்கு இது வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாக அடங்கிவிடும். உனக்கும் எனக்கும் அடங்கவில்லை, அவ்வளவுதான். புது வியாதியும் இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே பால் என்று ஒரு கிரேக்க வைத்தியர், ஏஜினா தீவுக்காரர், ஆண் மார்பில் பிறை வடிவில் கீறி இதை எடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார் என்று என் டாக்டர் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அதற்கும் ஒருவன் சம்மதித்துப் படுத்தான் என்றால், அவன் ஊரிலும் ஏதோ ஒரு திருச்செந்தூர் இருந்திருக்கும்.

நீ பார்த்திருக்கிற டாக்டர் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவில் தேடிப் பார்த்தேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவர், நல்லது. விளம்பரம் போடுகிற பாதிப் பேருக்கு அது இருக்காது, ஏதோ ஒரு அழகுக்கலை சான்றிதழ்தான் சுவரில் தொங்கும். ஆனால் கத்தி பிடிக்கிறவரைப் பற்றி இவ்வளவு விசாரித்த நீ, மயக்கம் கொடுக்கிறவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு உன் மூச்சு அவர் கையில்தான் இருக்கும். யார், எம்.டி. முடித்தவரா, ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருப்பாரா, ஏதாவது ஆனால் அதே கட்டடத்தில் ஐ.சி.யு. இருக்கிறதா என்று கேள். 2024-இல் புதுச்சேரிப் பையன் ஒருவன் எடை குறைக்கும் ஆபரேஷனுக்குச் சென்னை வந்து உயிரோடு திரும்பவில்லை, அரசாங்கம் விசாரணை வைத்தது. பேப்பரில் நீயும் படித்திருப்பாய். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இது பியூட்டி பார்லர் வேலை இல்லை, முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆபரேஷன், அதற்குரிய இடத்தில்தான் நடக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். இதற்காகத்தான் கடிதமே.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டரைப் பார்க்க அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைப் பெரிதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத் தொண்டையில் குழாய் இறக்குவது சுலபமா சிரமமா என்று கணிப்பார்கள். ஆந்திராவிலிருந்து பாஸ்டன் போன மல்லம்பாட்டி என்கிற டாக்டர் 1985-இல் வகுத்த கணக்கு அது, உலகம் முழுக்க இன்றும் அதுதான். அதற்குப் பிறகு கேள்விகள். ஆஸ்துமா உண்டா? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? பல் ஆடுகிறதா? குறட்டை விடுவீர்களா? சிகரெட்?

நான் "இல்லை டாக்டர்" என்றேன். பக்கத்து நாற்காலியில் உன் பெரியப்பா. அப்போது ஒரு நாளைக்கு எட்டு சிகரெட். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பத்துப் பதினைந்து வருஷமாகச் சட்டைக்குள் ஒன்றை மறைத்துப் பழகியவனுக்கு இன்னொன்றை மறைப்பது ஒரு வேலையா?

மயக்கம் தெளிந்து குழாயை உருவும்போது எனக்கு இருமல் வந்திருக்கிறது. சாதாரண இருமல் இல்லை, கட்டில் ஆடுகிற இருமல். புகை பிடிக்கிறவன் மூச்சுக்குழல் லேசாகத் தொட்டாலே துள்ளும். இருமும்போது நெஞ்சில் அழுத்தம் ஏறும், சுட்டு மூடிய சின்ன ரத்தக்குழாய் ஏதாவது திறந்துகொள்ளலாம். சாயங்காலம் டிரெஸ்ஸிங் பார்க்க வந்த நர்ஸ் வலது பக்கத்தைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே ஓடினாள். அந்தப் பக்கம் பந்து மாதிரி இறுகி நின்றது. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் தியேட்டர், மறுபடியும் மயக்கம், உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு மறுபடியும் தையல். நல்ல வேளை, அதுவரை நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பொய் சொல்லாதவர்களுக்கும் இது நடக்கும், இந்த ஆபரேஷனில் அதிகம் வரும் தொல்லையே இப்படி ரத்தம் கட்டுவதுதான். அதனால் என் சிகரெட்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலையில் மயக்க டாக்டர் வந்து "குடிப்பீங்களா" என்று கேட்கவில்லை, "எத்தனை?" என்று கேட்டார். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நீ என்னிடம் நேற்றுச் சொன்னதில் இரண்டு விஷயங்கள் டாக்டரிடம் சொல்லாதவை. ஒன்று சிகரெட். பிப்ரவரி 7 ஆபரேஷன் என்றால் இன்றைக்கு நிறுத்தினாலும் ஐந்து வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. நாலு வாரமாவது விட வேண்டும் என்பார்கள். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காம்பைச் சுற்றியுள்ள தோல் ரத்தம் கிடைக்காமல் கறுத்துப் போனால் எந்த எம்.சி.எச்.சும் ஒட்டவைக்க முடியாது. வேப் என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அதிலும் நிகோடின்தான். புகை பிடிக்கிறவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகு குமட்டல் குறைவு என்று எங்காவது படித்துவிட்டு வந்து நிற்பாய். நிஜம்தான் அது. குமட்டலுக்கு ஊசி இருக்கிறது.

இரண்டாவது, ஜிம்மில் அந்தப் பயிற்சியாளர் போட்டுவிட்ட ஊசி. நேற்று நீ அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னாய் தெரியுமா? அது ஸ்டீராய்டு தம்பி. ஆண்களுக்கு மார்பு வளர அதுவே ஒரு காரணம். உடம்பில் ஆண் ஹார்மோன் தேவைக்கு மேல் ஏறினால் அதில் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறும். உனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருந்தது, அதை மறைக்க ஜிம்முக்குப் போனாய், அங்கே அதற்கு எண்ணெய் வார்த்துவிட்டார்கள். ஈரல், இருதயம், ரத்தம் உறைவது என்று மயக்க டாக்டருக்குக் கவலைப்பட அதில் நிறைய இருக்கிறது. சர்ஜனுக்கும் தெரிய வேண்டும். எடுத்த பிறகும் நீ ஊசி போட்டால் மிச்சமுள்ள திசு மறுபடி வளரும். ஊசியை நிறுத்திவிட்டுச் சில மாசம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடு. கட்டிய அட்வான்ஸ் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போ. தலைவலிக்குப் போடும் மாத்திரை, பவுடர், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, எடை குறைய வாரம் ஒரு தடவை போடும் ஊசி எதுவும் இருந்தால் அதுவும். சிலது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும், அந்த வார ஊசியோ வயிற்றில் சாப்பாட்டை நெடுநேரம் நிறுத்திவைக்கும். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும். நீயாக நிறுத்தாதே. பேச வாய் வராவிட்டால் தாளை நீட்டிவிடு. சித்தப்பா கூட வந்தால் "நீங்க வெளிய இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போ. எனக்கு அது தோன்றவில்லை.

"மயக்கத்துல உளறிருவேனாண்ணே?" என்று கேட்டாய். மயக்கத்தில் தொண்டையில் குழாய் இருக்கும், உளற வழியே இல்லை. தெளிகிறபோது வேண்டுமானால் இரண்டு வார்த்தை வரும், நர்ஸுகள் அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. நான் கண் திறந்ததும் முதலில் "என் சட்டை எங்க?" என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை, உன் பெரியம்மா சொன்னது.

முந்தின ராத்திரி லேசாகச் சாப்பிடு. காலையில் எத்தனை மணிக்கு என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. பொதுவாகச் சாப்பாடு நின்று ஆறு மணி நேரம், கறி எண்ணெய் என்றால் அதற்கும் மேல், வெறும் தண்ணீர் நின்று இரண்டு மணி நேரம். சித்தி "வெறும் காபிதானல, குடிச்சிட்டுப் போ" என்பாள். பால் விட்டால் அது சாப்பாட்டில் சேர்த்தி. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற பிரசவ டாக்டர் 1946-இல் எழுதினார். பட்டினி போடுவது அதனால்தான், ஆஸ்பத்திரிக்காரர்களின் வீம்பு இல்லை.

அரைஞாண் கொடியைக் கழற்றச் சொல்வார்கள். கரண்டு வைத்து ரத்தக்குழாயைச் சுடும்போது உடம்பில் வெள்ளி, தங்கம் எதுவும் இருக்கக்கூடாது. எனக்கு ஆச்சி போட்ட கொடி, இடுப்பில் பதிந்து போயிருந்தது, வார்டு பாய் கட்டிங் பிளேயரோடு வந்தான். நீ வீட்டிலேயே கழற்றிவிடு. அப்புறம் போட்டோ எடுப்பார்கள். சட்டையில்லாமல் வெளிச்சத்தில் நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் நெஞ்சில் கோடு போடுவார்கள். படுத்தால் சதை இடம் மாறிவிடும், அதனால் நின்றபடிதான். மயக்கத்தையும் தையலையும்விட எனக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் கொடுமை. டாக்டரோ துணி வெட்டப்போகிற டெய்லர் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது அளவு, அவ்வளவுதான்.

தியேட்டர் குளிரும், போர்வை கேள், கொடுப்பார்கள். விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஸ்டிக்கர்கள், முகத்தில் மாஸ்க். கையில் ஏற்றுகிற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், புரோப்போஃபால் என்று பெயர். சோயா எண்ணெயில் கலந்தது, அதனால் அந்த நிறம். கண்டுபிடித்தவர் ஜான் கிளென், ஸ்காட்லாந்துக்காரர், படித்தது மாட்டு வைத்தியம். 1986-இல் விற்பனைக்கு வந்தது. நரம்பில் ஏறும்போது முழங்கை வரைக்கும் சுருக்கென்று எரியும், பயப்படாதே. என்னிடம் "சொந்த ஊரு எது?" என்று கேட்டார்கள். "பாளை" என்று சொன்னது ஞாபகம். "யங்கோட்டை"யைச் சொன்னேனா தெரியாது. தூங்கி எழுந்தால் நேரம் போனது உடம்புக்குத் தெரியும், இதில் அதுவும் தெரியாது. நடுவில் இரண்டு மணி நேரத்தை யாரோ கத்தரித்து எடுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

எழுந்ததும் உடம்பு வெடவெடவென்று நடுங்கும், குளிர் ஜுரம் இல்லை அது, கொஞ்ச நேரத்தில் நிற்கும். தொண்டை கரகரக்கும், குழாய் இருந்த இடம். இரண்டு பக்கமும் சின்னக் குழாய் வைத்துப் பை தொங்கவிட்டிருப்பார்கள், சிவப்பு நீர் வடியும், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டாவது நட, காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. மூன்று பந்து வைத்த ஊதல் சாமான் கொடுத்தால் உறிஞ்சு, சிரிக்காதே. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினாலோ, பை மளமளவென்று நிரம்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, ஜுரம் அடித்தாலோ விடியட்டும் என்று படுத்திருக்காதே. ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்பு.

மூன்றாம் நாள் நாலாம் நாள் மனசு விழும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டைப் பிரித்தால் கருநீலம், மஞ்சள், பச்சை, பழைய அளவைவிடப் பெரிய வீக்கம். காசையும் கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரம் கண்ணாடி பார்க்காதே. வீக்கம் வடிந்து உண்மையான உருவம் தெரிய மூன்று மாசம், சில பேருக்கு ஆறு மாசம். இடையில் உள்ளே கல் மாதிரி தட்டுப்படும், அது தழும்பு, மெதுவாக இளகும். காம்பில் உணர்ச்சி செத்துக் கிடக்கும், பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி திரும்பும். எனக்கு வலது பக்கம் இன்னும் ஒரு விரலகலம் மரத்துத்தான் இருக்கிறது. இறுக்கமான பனியன் ஒன்று தருவார்கள், நாலு முதல் ஆறு வாரம் ராப்பகலாக. நம் ஊர் மாசியில் அரிக்கும், சகித்துக்கொள். மறைக்க எத்தனை பனியன் போட்டவன், இதைப் போட முடியாதா? மல்லாக்கப் படு, தலைக்கு இரண்டு தலையணை. கையைத் தோளுக்கு மேல் தூக்காதே. ஜிம், பைக் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. வலி மாத்திரை மலச்சிக்கல் பண்ணும், தண்ணீர் நிறையக் குடி.

பத்தியம் என்று ஒரு தனி யுத்தம் இருக்கிறது. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை சீழ் வைக்கும் என்று உன் பெரியம்மா பத்து நாள் எனக்கு மிளகு ரசம் மட்டும் ஊற்றினாள். டாக்டரிடம் கேட்டால், புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை தினமும் சாப்பிடு என்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒளிந்து முட்டை தின்றேன். பார், அதிலும் ஒளிவுதான்.

ஆறு மாசம் கழித்துத் திருச்செந்தூர் போனேன், தனியாக. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி பிடரியில் குறுகுறுத்தது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன். "தம்பி, மணி என்னாச்சு?" என்றார்.

பெங்களூரில் டிரெயினிங் என்று சித்தியிடம் சொல்லப் போவதாகச் சொன்னாயே, அதற்கு மட்டும் நான் உடந்தை இல்லை. சம்மதப் படிவத்தில் கூட இருப்பவர் கையெழுத்துக்கு நான் வருகிறேன். முதல் ஒரு நாள் நீ வண்டி ஓட்டக்கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, தனியாகவும் இருக்கக்கூடாது, அதற்கும் நான் இருக்கிறேன். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு உன்னை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனால் வெளியே நின்று சித்திக்குப் போன் பண்ணி, "உங்க மகன் பெங்களூர்ல இல்ல சித்தி" என்று ஆரம்பிக்க என்னால் ஆகாது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, அப்போது சொல்லு. நான் கூட உட்காருகிறேன். பத்து வருஷமாகக் கொடியில் உன் இரண்டு பனியனைக் காயப்போடுகிறவள் அவள், உனக்கு முந்தியே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

வரும்போது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலைந்து, தொளதொளவென்று, எடுத்து வை. தலைவழியாக மாட்டுகிற டி-ஷர்ட் எதுவும் ஒரு மாசத்துக்கு ஆகாது. உன்னிடம் இருக்காது என்று தெரியும், எல்லாம் கறுப்பு டி-ஷர்ட்தானே. என்னுடையது இரண்டு பழசு இருக்கிறது, உன் மதினி இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

உன்
அண்ணன்